ஐந்தாவது பெயர்: வில்லி டிக்சனும் ஒரு ப்ளூஸ் பாட்டின் சொந்தக்காரரும்

லெட் ஸெப்லின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டை எழுதியவர்கள் யார் என்று இன்று பார்த்தால் ஐந்து பெயர்கள் வருகின்றன. நான்கு பேர் குழுவில் இருந்தவர்கள். ஐந்தாவது பெயர் வில்லி டிக்சன். 1969ல் இசைத்தட்டு வெளிவந்தபோது அந்தப் பெயர் அதில் கிடையாது. பல வருடம் கழித்து, வழக்குப் போட்ட பிறகுதான் சேர்ந்தது.

இதே பெயர் வேறு இடங்களிலும் தட்டுப்படும். 1964ல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’, க்ரீம் குழுவின் ‘ஸ்பூன்ஃபுல்’, டோர்ஸ் குழுவின் ‘பேக் டோர் மேன்’ எல்லாவற்றுக்கும் கீழே டிக்சன்தான். ஆனால் இவற்றை முதலில் பாடியது யார் என்று தேடினால் ஹவ்லின் வுல்ஃப் என்ற சிகாகோ ப்ளூஸ் பாடகரின் பெயர் வருகிறது. ‘ஹோல் லாட்டா லவ்’ வரிகளைத் தேடிப் போனால் மடி வாட்டர்ஸ் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகரின் பெயர் வருகிறது. அப்படியானால் இந்த டிக்சன் யார்? பாடகரும் இல்லை, குழுவிலும் இல்லை என்றால் எந்த உரிமையில் பணம் கேட்டார்?

பதில் பாதி இசையில் இருக்கிறது, பாதி காகிதத்தில் இருக்கிறது.

முதலில், ப்ளூஸ் என்றால் என்ன

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமை முறை ஒழிந்த பிறகு பருத்திக் காடுகளில் குத்தகைக்கு உழைத்த கறுப்பின மக்களிடம் உருவான பாட்டு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி ஒரு வடிவத்துக்கு வந்தது. மிகவும் பரவிய வடிவம் பன்னிரண்டு ‘பார்’ கொண்டது. ‘பார்’ என்பது தாளத்தின் ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி. அந்தப் பன்னிரண்டு சுற்றுக்குள் மூன்று அடிகள். முதல் அடியையே இரண்டாவது முறையும் பாடுவார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லி முடிக்கும்.

இந்த அச்சு யாருக்கும் சொந்தமில்லை. வெண்பாவின் யாப்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, ஆனால் அந்த யாப்பில் எழுதிய ஒரு வெண்பாவுக்குக் கொண்டாடலாம் அல்லவா, அதே கணக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. தெம்மாங்கில் ஒரு ஊர் வரி இன்னொரு ஊர்ப் பாட்டில் வந்து உட்கார்ந்துகொள்வதுபோல, ப்ளூஸிலும் வரிகள் பாடகருக்குப் பாடகர் நடந்துபோகும். எது பொது, எது ஒருவர் எழுதியது என்று கோடு போடுவது சுலபமல்ல. டிக்சன் கதையின் முடிச்சே இதுதான்.

1910களுக்கும் 1970க்கும் இடையே சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கிலும் மேற்கிலும் இருந்த நகரங்களுக்குப் போனார்கள். மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்களில் பெரும் பகுதியினர் ரயிலேறி இறங்கிய இடம் சிகாகோ. சத்தமான மதுக்கூடங்களில் வெறும் கிட்டார் எடுபடவில்லை. கிட்டார் மின்சாரத்துக்கு மாறியது, ஹார்மோனிகாவை மைக்கோடு சேர்த்துப் பிடித்து ஊதினார்கள், டிரம்ஸ் வந்தது. இதைத்தான் சிகாகோ ப்ளூஸ் என்கிறோம்.

விக்ஸ்பர்க்கிலிருந்து வந்த குத்துச்சண்டைக்காரர்

டிக்சன் 1915 ஜூலை 1 அன்று மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். பதினான்கு பிள்ளைகளில் ஒருவர். அம்மா டெய்சிக்கு எதைப் பேசினாலும் எதுகை போட்டுப் பேசும் பழக்கம். பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொண்டது. லியோ ஃபெல்ப்ஸ் என்ற தச்சரிடம் கூட்டுப்பாட்டில் கீழ்க்குரல் பாடக் கற்றார். அந்தத் தச்சரின் நால்வர் குழுவில் சேர்ந்து பக்திப் பாட்டுகள் பாடினார். உள்ளூர் வானொலியில்கூட அவை ஒலிபரப்பாயின. பதின்ம வயதில் சிறைப் பண்ணைகளிலும் அடைபட்டார். ப்ளூஸ் எதற்காகப் பாடப்படுகிறது என்பது அவருக்குப் புரிந்தது அங்கே, உடன் அடைபட்டிருந்தவர்கள் பாடக் கேட்டுத்தான்.

1936ல் சிகாகோ வந்தார். ஆறரை அடி உயரம், அதற்கேற்ற எடை. மறு வருடமே இல்லினாய் மாநில கோல்டன் க்ளவ்ஸ் குத்துச்சண்டையில் புதியவர்களுக்கான ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். தொழில்முறைச் சண்டைக்குப் போனவர், பணம் பற்றிய தகராறில் சீக்கிரமே அதை விட்டுவிட்டார். அடி வாங்குவது ஒருவர், பணத்தை எண்ணுவது இன்னொருவர் என்ற ஏற்பாட்டை அவர் அங்கேயே ஒருமுறை பார்த்துவிட்டார். பின்னால் இசையிலும் அதே ஏற்பாட்டில் மாட்டினார் என்பது வேறு விஷயம்.

இசைக்கு இழுத்தவர் நண்பர் லியோனார்ட் காஸ்டன். தகர டப்பாவில் ஒற்றைத் தந்தி கட்டி டிக்சனுக்கு ஒரு பாஸ், அதாவது கீழ்ஸ்வரம் வாசிக்கும் தந்தி வாத்தியம், செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் ஆளுயர டபுள் பாஸுக்குப் போனார். இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்கு அழைப்பு வந்தது. தன் இனத்தை இப்படி நடத்தும் நாட்டுக்காகப் போரிட மாட்டேன் என்று மறுத்துப் பத்து மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து, காஸ்டனோடு சேர்ந்து ‘பிக் த்ரீ ட்ரியோ’ என்ற குழுவில் வாசித்தார். மூன்று குரல்கள் சேர்ந்து இழையும் நேர்த்தியான இசை அது. கரடுமுரடான சிகாகோ ப்ளூஸ் அவருக்குப் பிறவிச் சொத்து அல்ல. வெளியிலிருந்து வந்து அதன் பலம் எது என்று அளந்து பார்த்தவர். அவர் நல்ல பாடலாசிரியர் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செஸ் கம்பெனியில் என்ன வேலை

லியோனார்ட், ஃபில் என்ற இரு சகோதரர்கள் நடத்திய ரெக்கார்டிங் கம்பெனி செஸ். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். செஸ் என்பது அவர்கள் குடும்பப் பெயர், சதுரங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை (ஆனாலும் இசைத்தட்டின் லேபிளில் சதுரங்கக் காய்களைப் போட்டுக்கொண்டார்கள்). 1950களின் தொடக்கத்தில் டிக்சன் அங்கே முழுநேர ஊழியர் ஆனார். அங்கே அவருக்கு மூன்று வேலைகள்.

1. பாட்டு எழுதுவது. நம் சினிமாவில் மெட்டுப் போடுபவர் ஒருவர், வரி எழுதுபவர் ஒருவர். டிக்சன் இரண்டையும் சேர்த்தே செய்தார்.

2. வாசிப்பது. மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், லிட்டில் வால்டர், சக் பெரி என்று செஸ்ஸின் பெரிய பெயர்கள் பலரின் பதிவுகளிலும் பாஸ் அவருடையது.

3. பதிவை நடத்துவது. யாரைக் கூப்பிடுவது, யார் எதைப் பாடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். இன்று தயாரிப்பாளர் என்று சொல்லும் வேலை. அன்று அதற்குத் தனிப் பெயரும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை.

முதல் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மடி வாட்டர்ஸ் ‘ஸன்ஸிபார்’ என்ற மதுக்கூடத்தில் பாடிக்கொண்டிருந்தபோது, இடைவேளையில் அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாட்டைச் சொல்லிக்கொடுத்தார் டிக்சன். அன்று இரவே வாட்டர்ஸ் அதை மேடையில் பாடிவிட்டார். 1954 ஜனவரி 7 அன்று பதிவானது. கறுப்பினச் சந்தைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

அதில் டிக்சன் செய்த காரியம் இது. குழு முழுக்க ஒரு சின்னத் துணுக்கை ஓங்கி அடித்துவிட்டுச் சட்டென்று நிற்கும். அந்த அமைதிக்குள் பாடகர் ஒரு வரி சொல்வார். மறுபடி அடி, மறுபடி அமைதி. ‘ஸ்டாப் டைம்’ என்று இதற்குப் பெயர். உத்தி பழையது. ஆனால் பன்னிரண்டு சுற்றைப் பதினாறாக நீட்டி, முதல் எட்டை இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால், கேட்பவர் கவனம் முழுக்கப் பாடகர் வாயில் வந்து நிற்கும். வரிகளிலோ, தெற்கத்தி நாட்டு மாந்திரீகம். பிறக்கும் முன்பே குறி சொன்ன பெண், கருப்புப் பூனை எலும்பு, தாயத்து, ஏழாம் நாள், ஏழாம் மாதம். மிசிசிப்பியிலிருந்து வந்து கசாப்பு ஆலைகளிலும் எஃகு ஆலைகளிலும் வேலை பார்த்த கூட்டத்துக்கு, ஊரில் பாட்டி சொன்ன கதையை மின்சாரக் கிட்டாரோடு கேட்ட மாதிரி இருந்திருக்கும்.

தையல்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பதுபோலத்தான் அவர் எழுதினார். வாட்டர்ஸுக்கு மிடுக்கு. ஹவ்லின் வுல்ஃபின் கரகரத்த குரலுக்கு மிரட்டலும் பரிகாசமும். 1960, 61ல் வுல்ஃப் பதிவு செய்த ‘ஸ்பூன்ஃபுல்’, ‘பேக் டோர் மேன்’, ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ மூன்றும் அந்த அளவில் தைத்தவை. வுல்ஃபுக்கும் வாட்டர்ஸுக்கும் போட்டி உண்டு. ஒரு பாட்டு வேண்டாம் என்று வுல்ஃப் முரண்டு பிடித்தால், “சரி, இது வாட்டர்ஸுக்காக எழுதியது” என்று டிக்சன் சொல்லிவிடுவாராம். உடனே வுல்ஃபுக்கு அது வேண்டும். இப்படி 500க்கு மேல் எழுதியிருக்கிறார். தானே பாடி 1970ல் வெளியிட்ட ‘ஐ ஆம் த ப்ளூஸ்’ தொகுப்பைக் கேட்டால் ஒன்று புரியும். குறையில்லாத பாட்டுதான், ஆனால் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டது மாதிரி இருக்கிறது.

ஒரு பாட்டில் எத்தனை வரும்படி

இனி காகிதம். செய்திகளில் ‘காப்புரிமை’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். கண்டுபிடிப்புக்குத் தருவதுதான் காப்புரிமை, பாட்டுக்குப் பதிப்புரிமை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஒரு இசைத்தட்டிலிருந்து பணம் மூன்று வழிகளில் பிரிந்தது.

1. பாடல். வரியும் மெட்டும். எழுதியவருக்கும், அவரிடம் உரிமையை வாங்கிக்கொண்ட பாடல் வெளியீட்டு நிறுவனத்துக்கும் வழக்கமாகப் பாதிப் பாதி. ஒருகாலத்தில் இசைக் குறிப்புத் தாள்களை அச்சிட்டு விற்றதால் ‘பப்ளிஷர்’ என்ற பெயர் வந்தது. பிறகு அச்சு ஒதுங்கிப்போய் உரிமையும் வசூலும் மட்டும் மிஞ்சின.

2. பதிவு. பாடகருக்கும் ரெக்கார்டிங் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அதில் டிக்சனுக்குப் பங்கு இல்லை.

3. வாசிப்புக் கூலி. அன்றைய பதிவுக்கு அன்றைக்குக் கூலி, அதோடு முடிந்தது. சக் பெரியின் ‘ஜானி பி. கூட்’ பதிவில் பாஸ் டிக்சனுடையது. 1977ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பதிவும் இருக்கிறது. கூலிக்கு வாசித்த கை, இப்போது சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக, டிக்சனுக்கு நீண்ட நாள் வருமானம் வரவேண்டிய ஒரே வழி முதல் வழிதான். அதிலும் ஒரு விதி உண்டு. ஒரு பாட்டு ஒருமுறை முறைப்படி இசைத்தட்டாக வந்துவிட்டால், அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமலே பாடிப் பதிவு செய்யலாம். சட்டம் சொல்லும் தொகையைக் கட்டினால் போதும். அந்தத் தொகை 1909லிருந்து 1977 வரை ஒரு பிரதிக்கு இரண்டே சென்ட். அறுபத்தெட்டு வருடம் அது ஏறவே இல்லை! பத்து லட்சம் இசைத்தட்டு விற்றால் ஒரு பாட்டுக்கு 20,000 டாலர், எழுதியவர் கைக்குப் பாதி. சின்னத் தொகையாகத் தோன்றலாம். பல குழுக்கள், பல நாடுகள், பல வருடங்கள் என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்தச் சங்கிலி எங்கே அறும் என்றால், ‘எழுதியவர்’ என்ற இடத்தில். அங்கே உங்கள் பெயர் இல்லாவிட்டால் ஒரு சென்ட்டும் வராது. பெயர் இருந்தும் வெளியீட்டு நிறுவனம் கணக்குக் காட்டாவிட்டாலும் வராது. டிக்சனுக்கு இரண்டுமே நடந்தன.

கடல் தாண்டிய பாட்டு

1960 வாக்கில் கறுப்பின இளைஞர்களே ப்ளூஸை விட்டு ‘சோல்’ இசைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஹோர்ஸ்ட் லிப்மன், ஃப்ரிட்ஸ் ராவ் என்ற இரு ஜெர்மானியர்கள் 1962 முதல் ப்ளூஸ் கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துக் கச்சேரிகள் நடத்தத் தொடங்கினார்கள். சிகாகோவில் ஆள் திரட்டிக் கொடுத்தவர் டிக்சன், மேடையிலும் வாசித்தார். 1962ல் மான்செஸ்டரில் நடந்த கச்சேரிக்கு வந்திருந்த இளைஞர்களில் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் லெட் ஸெப்லினின் கிட்டார் கலைஞரான ஜிம்மி பேஜ் ஆகியோரும் இருந்தார்கள்.

அடுத்த ஏழு வருடத்தில் நடந்தது தெரிந்த கதை. 1964 ஜூனில் ரோலிங் ஸ்டோன்ஸ் சிகாகோவுக்கே வந்து, தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120ஆம் எண் கட்டடத்தில், அதாவது செஸ் ஸ்டூடியோவில், பதிவு செய்தார்கள். அந்த முகவரியையே ஒரு வாத்திய இசைக்குத் தலைப்பாகவும் வைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பிரிட்டனில் முதலிடம் வந்தது. அமெரிக்க வெள்ளை இளைஞர்களில் பலர், தங்கள் ஊரிலேயே பிறந்த இசையை லண்டன் உச்சரிப்பில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

வழக்குகள்

லெட் ஸெப்லின் விஷயத்தில் கவனிக்கவேண்டியது, ஒரே ஆண்டில் வந்த இரண்டு தொகுப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். 1969 தொடக்கத்தில் வந்த முதல் தொகுப்பில் ‘யூ ஷுக் மீ’, ‘ஐ கான்ட் க்விட் யூ பேபி’ இரண்டிலும் டிக்சன் பெயர் முறையாக இருந்தது. அக்டோபரில் வந்த இரண்டாவது தொகுப்பில், டிக்சன் எழுதி சன்னி பாய் வில்லியம்சன் பாடிய ‘பிரிங் இட் ஆன் ஹோம்’ பாட்டின் பகுதியை எடுத்தாண்டும் அவர் பெயர் இல்லை. மடி வாட்டர்ஸ் 1962ல் பாடிய ‘யூ நீட் லவ்’ வரிகள் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்குள் போயிருந்தன, அதிலும் இல்லை. (இதே ‘யூ நீட் லவ்’ பாட்டை 1966ல் ஸ்மால் ஃபேஸஸ் குழுவும் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டது.) பெயர் போடும் வழக்கம் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாததற்கு முதல் தொகுப்பே சாட்சி.

வழக்குகள் இந்த வரிசையில் வந்தன.

1. 1972: ‘பிரிங் இட் ஆன் ஹோம்’ பாட்டுக்காக வழக்குப் போட்டது டிக்சன் அல்ல, ஆர்க் மியூசிக். செஸ் சகோதரர்கள் வேறு இருவரோடு கூட்டுச் சேர்ந்து 1953ல் தொடங்கிய பாடல் வெளியீட்டு நிறுவனம் அது. நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துப் பணம் வாங்கினார்கள். அந்தப் பணம் டிக்சன் கைக்கு வரவில்லை.

2. 1970களின் பிற்பகுதி: மடி வாட்டர்ஸும் டிக்சனும் ஆர்க் மியூசிக் மீதே வழக்குப் போட்டார்கள். ரெக்கார்டிங் கம்பெனியும் செஸ் சகோதரர்களுடையது, பாடல் உரிமை வைத்திருந்த நிறுவனமும் அவர்களுடையது என்றால், எழுதியவர் சார்பில் கணக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்? வாரந்தோறும் கைக்கு வந்தது ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம்தான். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பது கொடுப்பவருக்கு மட்டுமே தெரியும். இதுவும் பேசித்தான் முடிந்தது. பாடல்களின் உரிமை டிக்சனிடம் திரும்பி வர இது வழி திறந்தது.

3. 1985: ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக லெட் ஸெப்லின் மீது டிக்சன் நேரடியாக வழக்குப் போட்டார். இந்த ஒற்றுமையை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தது மகள் ஷெர்லி. 1987ல் சமரசம் ஆனது. வரிகள் எங்கிருந்து வந்தன என்பதை லெட் ஸெப்லினின் பாடகர் ராபர்ட் ப்ளான்ட் பிற்காலப் பேட்டியில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தப் பாட்டின் புகழ்பெற்ற கிட்டார் துணுக்கு ஜிம்மி பேஜ் உண்டாக்கியது என்பதையும் சொல்லவேண்டும். அதனால்தான் பழைய பெயர்கள் அழிக்கப்படாமல் ஐந்தாவது பெயர் சேர்ந்தது.

இந்த வரிசையில் இரண்டாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. வெளிநாட்டு ராக் குழு எடுத்துக்கொண்டது என்று சொன்னால் கதை சுவாரசியமாக இருக்கிறது, எல்லோரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் டிக்சன் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் போனது அதைவிட நீண்ட காலம் போனது.

டிக்சனும் எடுக்கவில்லையா?

நியாயமான கேள்வி. எடுத்தார். 1955ல் லிட்டில் வால்டர் பாடி ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் வந்த ‘மை பேப்’ பாட்டின் மெட்டு, ‘திஸ் ட்ரெயின்’ என்ற பழைய பக்திப் பாட்டினுடையது. ‘ஸ்பூன்ஃபுல்’ பாட்டுக்கு முன்னால் 1929ல் சார்லி பேட்டன் பதிவு செய்த ‘எ ஸ்பூன்ஃபுல் ப்ளூஸ்’ இருக்கிறது. ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ போலச் சேவலைப் பற்றிய ப்ளூஸ் பாட்டுகளும் டிக்சனுக்கு முன்பே உண்டு. எதிர்ப்பக்கமும் பாருங்கள். ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாட்டின் அந்த நிறுத்தி அடிக்கும் துணுக்கு, 1955ல் போ டிட்லியின் ‘ஐ’ம் எ மேன்’ பாட்டுக்குப் போனது, அங்கிருந்து மடி வாட்டர்ஸின் ‘மேனிஷ் பாய்’ பாட்டுக்கும் போனது. டிக்சன் அதற்கெல்லாம் வழக்குப் போடவில்லை.

இரண்டும் ஒன்றா? இல்லை என்றே நினைக்கிறேன். உத்தியும் கருவும் பொதுக் குளம், அதில் எல்லோரும் மொண்டார்கள். ஒரு பாடகருக்காகக் கோத்து எழுதிய வரிகளை அதே வரிசையில் எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது வேறு. ஆனால் இந்தக் கோடு எல்லா இடத்திலும் தெளிவாக விழாது. ‘மை பேப்’ பாட்டின் மெட்டு விஷயத்தில் டிக்சனுமே கோட்டின் மேல்தான் நிற்கிறார். பக்திப் பாட்டுக்கு உரிமை கேட்டு வரப் பெயர் தெரிந்த ஆள் யாரும் இல்லை என்பது அவருக்குச் சாதகமாகப் போனது.

மிஞ்சியது

உரிமை திரும்பிய பிறகு டிக்சன் ஒரு காரியம் செய்தார். 1980களில் ‘ப்ளூஸ் ஹெவன்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். வயதான இசைக் கலைஞர்களுக்குத் தங்கள் பாடல் உரிமையையும் பாக்கியையும் மீட்க உதவுவது, மாணவர்களுக்கு உதவித்தொகை, பள்ளிகளுக்கு இசைக்கருவிகள் என்று அதன் வேலை. அதற்குள் நீரிழிவில் ஒரு காலை இழந்திருந்தார். ‘ஹிட்டன் சார்ம்ஸ்’ தொகுப்புக்கு 1989ல் கிராமி விருது கிடைத்தது. 1992 ஜனவரி 29 அன்று கலிபோர்னியாவில் காலமானார். மறு வருடம் அவர் மனைவி மேரி, தெற்கு மிச்சிகன் அவென்யூவில் இருந்த அந்தப் பழைய செஸ் கட்டடத்தை விலைக்கு வாங்கினார். அறக்கட்டளை இப்போது அங்கேதான் இருக்கிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் 2016ல் வெளியிட்ட ப்ளூஸ் தொகுப்பில் டிக்சன் பாட்டுகள் இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் அவர் பெயரோடு. உரிமை மீண்ட பாடல்களை வைத்துக்கொள்ள டிக்சன் ஏற்படுத்திய வெளியீட்டு நிறுவனத்தின் பெயர் ‘ஹூச்சி கூச்சி மியூசிக்’. ஒருகாலத்தில் ஆர்க் மியூசிக் என்று அச்சான இடத்தில் இப்போது அந்தப் பெயர் அச்சாகிறது.